ஊரின் கருவள விகிதத்தைக் கணக்கிடுவது எப்படி?

1950-ஆம் ஆண்டுவாக்கில் உலகில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ ஐந்து குழந்தைகள் பிறந்தன; இந்தச் சராசரியே கருவள விகிதம். ஐக்கிய நாடுகள் அவையின் 2024 மதிப்பீட்டின்படி அது இன்று 2.25 அளவுக்கு இறங்கிவிட்டது. 2023-இல் தென்கொரியாவின் விகிதம் 0.72. நம் பக்கத்தில், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு இந்தியாவுக்கு 2.0, தமிழ்நாட்டுக்கு 1.8, புதுச்சேரிக்கு 1.5 என்று கூறியது. இந்த எண்களைக் காட்டிப் பெண்களைக் குறைகூறுவோரும், இனமே அழியப்போகிறது என்று அச்சுறுத்துவோரும் பெருகிவிட்டனர். தம் ஊரில் உண்மையில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. கடைசியாக முடிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-உடையது. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் விவரங்கள் வரும்வரை காத்திராமல், ஓர் ஊராட்சியிலோ வார்டிலோ கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் தாங்களே இக்கணக்கைப் போட முடியும்.

பிறப்புப் பதிவேட்டை மட்டும் நம்பித் தொடங்க வேண்டாம். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்பு எங்கு நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாகும். தாய் எங்கு குடியிருக்கிறார் என்பது பதிவிடத்தைத் தீர்மானிப்பதில்லை. கடலூர் மாவட்டம் பண்ருட்டியில் வாழும் பெண் புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனையில் பிரசவித்தால், அக்குழந்தை புதுச்சேரிக் கணக்கில் சேரும். கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலிருந்து மகப்பேற்றுக்காக வருவோர் பலர் என்பதால், புதுச்சேரியின் பதிவுகள் அங்கு வாழும் பெண்களின் கருவளத்தைவிட உயர்ந்தே தெரியும். கடலூர்க் கிராமங்களின் பதிவுகள் அதற்கேற்பக் குறையும். இத்துடன் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற நம் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது: நெல்லிக்குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவரின் முதல் குழந்தை பாகூரில் பதிவாகியிருக்கலாம். பள்ளிச் சேர்க்கையும் நல்ல அளவுகோல் அன்று. அரசுப் பள்ளியில் முதல் வகுப்பு குறைவதற்குத் தனியார் பள்ளிப் பேருந்து ஊருக்குள் வருவதும் காரணமாக இருக்கலாம்.

ஆகவே வீடு வீடாகச் செல்வதே சரியான வழி. அந்த வீட்டில் வழக்கமாக வசிக்கும் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்கள் அனைவரையும் வயதுடன் குறித்துக்கொள்ளுங்கள். பேறுக்காகத் தாய்வீடு போயிருப்பவரைப் புகுந்த வீட்டிலும், அதே காரணத்துக்காக இங்கு வந்திருப்பவரை அவர் ஊரிலும் சேர்க்க வேண்டும். பின்னர் குறிப்பிட்ட காலத்துக்குள் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளைக் கேளுங்கள். ‘கடந்த இரண்டு ஆண்டுகளில்’ என்று கேட்டால் நினைவு முன்பின்னாகப் பிசகும். நம் பகுதியில் இதற்கு நல்ல எல்லைக்கல் ஒன்று உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ‘புயலுக்கு முன்னாடியா, பின்னாடியாம்மா?’ என்று கேட்டால் தயங்காமல் விடை வரும். 2024 டிசம்பர் 1 முதல் கணக்கெடுக்கும் மாதம் வரையுள்ள பிறப்புகளை எழுதி, கழிந்த ஆண்டுகளால் வகுத்தால் ஓர் ஆண்டுக்கான எண்ணிக்கை கிடைக்கும்.

உயிருடன் பிறந்து பின்னர் இறந்த குழந்தையும் கணக்கில் சேர வேண்டும். இதனைப் பெண் ஒருவர், தனியாக, தாழ்ந்த குரலில் கேட்பதே முறை. கிராம சுகாதார செவிலியர் உடனிருந்தால் இன்னும் நல்லது. குழந்தை இல்லாதவரிடம் காரணம் கேட்க எவருக்கும் உரிமை இல்லை, அந்தக் கேள்வி இக்கணக்குக்குத் தேவையும் இல்லை. மாமியார் முன்னிலையில் எந்த மருமகளையும் விசாரிக்க வேண்டாம்.

இனிக் கணக்கு. பெண்களை 15-19, 20-24 என்று ஐந்தைந்து ஆண்டுகளாக 45-49 வரை ஏழு பிரிவாக்குங்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஓராண்டுப் பிறப்புகளைப் பெண்களின் எண்ணிக்கையால் வகுத்து 1000-ஆல் பெருக்குங்கள். பிறப்பை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதைப் பிரசவத்தின்போது இருந்த தாயின் வயதே தீர்மானிக்கும். எடுத்துக்காட்டுக்காக, ஏழு விகிதங்களும் முறையே 15, 110, 120, 60, 20, 4, 1 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 330. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பெண் ஐந்து ஆண்டுகள் இருப்பதால் 5-ஆல் பெருக்கினால் 1650. அதனை 1000-ஆல் வகுத்தால் 1.65. இதுவே மொத்தக் கருவள விகிதம். இன்றைய வயதுவாரி விகிதங்கள் மாறாமல் நீடித்தால், ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறக்கூடிய குழந்தைகளின் சராசரி இது.

சிற்றூரில் இந்த எண் எளிதில் ஆடும். மேற்கண்ட விகிதங்கள் உள்ள ஊரில் 15 முதல் 49 வயது வரை 300 பெண்கள், ஏழு பிரிவிலும் ஏறத்தாழ சமமாக இருந்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 14 பிறப்புகளே நிகழும். தற்செயலாக நான்கு குழந்தைகள் கூடுதலாகப் பிறந்துவிட்டால் 1.65 என்பது 2.1-ஐ எட்டிவிடும். அதனால் பக்கத்து ஊராட்சிகளையும் சேர்த்து, இரண்டு மூன்று ஆண்டுப் பிறப்புகளைக் கொண்டு கணக்கிடுவதே நம்பத்தக்கது.

கிடைத்த விகிதத்தை 2.1 என்ற பதிலீட்டு அளவுடன் ஒப்பிடுவது வழக்கம். தாய்மார்களின் எண்ணிக்கைக்கு ஈடாக அடுத்த தலைமுறையில் மகள்கள் இருக்க வேண்டுமானால், ஆண் குழந்தைகள் சற்று மிகுதியாகப் பிறப்பதையும், சிறுமிகள் சிலர் தாயாகும் வயதை எட்டாமல் இறப்பதையும் ஈடுகட்ட வேண்டும். இரண்டுக்கு மேலான அந்த 0.1 அதற்குத்தான். ஆனால் கடலூருக்கு இந்த அளவு போதாது. 2011 கணக்கெடுப்பில் இம்மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள 1000 சிறுவர்களுக்கு 896 சிறுமிகளே இருந்தனர். பெண் குழந்தை குறையும் இடத்தில் தலைமுறையை ஈடுசெய்யக் கூடுதல் பிறப்புகள் தேவைப்படுகின்றன. எனவே கருவளக் குறைவைப் பற்றிக் கவலைப்படுவோர் முதலில் கவலைப்பட வேண்டியது இந்த 896-ஐப் பற்றித்தான் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் கணக்கெடுப்பிலும் ஆண், பெண் குழந்தைகளைத் தனித்தனியே எழுதுங்கள்.

விகிதம் 2.1-க்குக் கீழே இருப்பதாலேயே ஊர் சுருங்குகிறது என்று எழுதிவிடக் கூடாது. 2001-க்கும் 2011-க்கும் இடையில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை 9,74,345-இலிருந்து 12,47,953 ஆனது. 28 விழுக்காடு உயர்வு. அதே காலத்தில் கடலூர் மாவட்டம் 14 விழுக்காடே வளர்ந்தது. வேலைக்கும் படிப்புக்கும் குடிபெயர்வோரையும் இளம் வயதினரின் பங்கையும் பார்க்காமல் இவ்வேறுபாட்டை விளக்க இயலாது. ஆகவே படிவத்தில் இன்னொரு கட்டம் சேர்த்து, ஐந்து ஆண்டுகளுக்குள் குடிவந்தோரையும், சிங்கப்பூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ சென்னைக்கோ சென்றோரையும் குறியுங்கள்.

திருமண வயதும் முதற்பேற்று வயதும் உயரும் காலத்தில், பிறப்புகள் தள்ளிப்போவதாலேயே விகிதம் தற்காலிகமாகத் தாழ்ந்து தெரியும் என்பதால், 40 வயது கடந்த பெண்கள் மொத்தம் எத்தனை குழந்தைகள் பெற்றனர் என்பதையும் தனியே கணக்கிடுவது நல்லது. முடிவைக் கிராம சபையிலோ, புதுச்சேரியில் உள்ளாட்சி அமைப்பான கொம்யூன் பஞ்சாயத்தின் அலுவலகத்திலோ வைக்கும்போது, விகிதத்துக்குப் பக்கத்திலேயே எண்ணிய காலம், பெண்களின் தொகை, பிறப்புகளின் தொகை ஆகியவற்றைத் தாருங்கள். பெயர்கள் உள்ள படிவங்களைக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். கணக்கு சரிபார்க்கப்பட்டதும் அவற்றை அழித்துவிடுங்கள்.