விடியற்காலையில் கத்தும் பூனைக்கு என்ன செய்வது?

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் அதிகம் ‘மியாவ்’ சொல்லிக்கொள்வதில்லை. அந்தக் குரல் பெரும்பாலும் நமக்குத்தான். அதிகாலை 4 மணிக்குக் கத்தியதும் எழுந்து தட்டை நிரப்பினால், கத்தினால் சாப்பாடு வரும் என்று கற்றுக்கொள்கிறது. இரவில் 10 நிமிடம் கயிறாட்டி விளையாட்டுக் காட்டிவிட்டு, நீங்கள் படுக்கும் முன் சாப்பாடு வையுங்கள். காலையில் நீங்கள் பல் துலக்கிவிட்டு, பூனை அமைதியான பிறகே சாப்பாட்டுத் தட்டை வையுங்கள். முதல் சில நாள் கத்தல் கூடும். அங்கேதான் பலர் தோற்கிறார்கள்: மனமிரங்கி ஒருமுறை வைத்துவிட்டால், இன்னும் நீட்டிக் கத்தப் பழகிவிடும். திட்டுவதும் அதற்குக் கவனிப்புதான்.

ஆண் பூனை, மலசலம் கழிக்க வைத்திருக்கும் மண்தட்டில் குந்தி முக்கியும் சிறுநீர் வராமல் ஓலமிட்டால் அது பழக்கமல்ல, சிறுநீர் அடைப்பாக இருக்கலாம். உயிருக்கே ஆபத்து, விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.