ஃபேன்டஸி கேமில் ஊர்ப்பெயர் வைப்பது எப்படி: பதிப்புரிமைச் சிக்கல் வராமல் ஒரு செய்முறை

கேம் உருவாக்க வருகிற பலர் மேப்பை வரைந்து முடித்துவிட்டு ஊர்ப்பெயரில் வந்து திணறுவார்கள். வைக்க நினைக்கும் பெயர் வேறெங்கோ ஏற்கெனவே இருந்தால் வழக்கு வந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். பயப்பட வேண்டிய விஷயங்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் பதிப்புரிமைக்கு வெளியே இருக்கின்றன.

படி 1: ஒற்றைப் பெயருக்குப் பதிப்புரிமை இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெயர், தலைப்பு, சிறு சொற்றொடர் ஆகியவற்றைப் பதிப்புரிமையில் சேர்ப்பதில்லை என்று அமெரிக்காவில் விதியே உண்டு. இங்கிலாந்தில் எக்ஸான் எண்ணெய் நிறுவனம், அந்தப் பெயர் தான் பாடுபட்டுப் புதிதாக உருவாக்கிய சொல் என்று வாதாடியது. ஒரு தனிச்சொல் இலக்கியப் படைப்பு ஆகாது என்று 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே 'நீலவாயில்' என்று உங்கள் நகரத்துக்குப் பெயர் வைத்த பிறகு, அதே பெயர் ஏதோ ஒரு கதையில் வந்திருப்பது தெரியவந்தால், அதற்காகவே பெயரைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

படி 2: டிரேட்மார்க்கைத் தேடுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். பதிப்புரிமை இல்லாத பெயருக்கும் டிரேட்மார்க் (வணிக முத்திரை) இருக்கலாம். எழுத்தாளர் டோல்கீனின் கதைகள் நடக்கும் 'மிடில் எர்த்' பதிவுசெய்யப்பட்ட டிரேட்மார்க். 'ஹாபிட்' என்ற சொல்லும் அப்படியே. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஃபேன்டஸி விளையாட்டின் தொடக்கப் பதிப்பில், டோல்கீன் கதைகளில் வரும் ஹாபிட், என்ட், பால்ராக் எல்லாம் இருந்தன. 1970களில் அந்தப் பெயர்களின் உரிமையாளர் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்ததும் அவை ஹாஃப்லிங், ட்ரீயன்ட், பேலோர் என்று மாறின.

டிரேட்மார்க் பதிவுகள் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டவை. நமக்கு முக்கியமானவை மூன்று: மென்பொருளுக்கு 9, விளையாட்டுப் பொருட்களுக்கு 28, பொழுதுபோக்குச் சேவைக்கு 41. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பிராண்ட் தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். கேமை எந்த நாடுகளில் விற்கப் போகிறீர்களோ அங்குள்ள பதிவேடுகளையும் பாருங்கள். பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஒலி ஒத்துப்போனாலே குழப்பம் வரும் என்று எதிர்த்தரப்பு வாதிட முடியும்.

பெயர் எந்த இடத்தில் வருகிறது என்பதும் முக்கியம். மேப்பின் மூலையில் ஒரு கிராமத்துக்கு வைத்த பெயரை யாரும் பிராண்டாகப் பார்ப்பது அரிது. அதே பெயர் கேமின் தலைப்பாகவோ லோகோவாகவோ ஆகும்போது ஆபத்து பல மடங்காகிறது. 'ஸ்க்ரோல்ஸ்' என்ற சாதாரணச் சொல்லைத் தலைப்பாக வைத்ததற்காக மோஜாங் என்ற கேம் நிறுவனம் 2011இல், 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்' கேம்களை வெளியிடும் பெத்தெஸ்டாவின் தாய் நிறுவனத்தோடு வழக்காட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அது சமரசத்தில் முடிந்தது. தலைப்பில் ஊர்ப்பெயர் வருவதாக இருந்தால், வெளியிடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

படி 3: பெயரோடு சேர்த்து வேறு எதை எடுக்கிறீர்கள் என்று பாருங்கள்

பெயரை மட்டும் எடுப்பது ஒன்று, ஊரையே எடுப்பது இன்னொன்று. ஒரு நாவலில் வரும் கோட்டையின் பெயர், அதை ஆளும் குடும்பம், அதன் வரலாறு, பக்கத்து ஊர்கள் என எல்லாம் அதே வரிசையில் உங்கள் கேமிலும் இருந்தால் அது படைப்பை நகலெடுப்பதுதான். பெயர்களை மாற்றி வைப்பதால் மட்டும் தப்பிக்க முடியாது. மேப்புக்கும் இது பொருந்தும். பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை, வரைபடங்களைப் படைப்புகள் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. இன்னொருவர் வரைந்த கடற்கரையை டிரேஸ் செய்து ஊர்ப்பெயரை மட்டும் மாற்றாதீர்கள்.

படி 4: புராணப் பெயர் என்றாலும் உரிமத்தைப் படியுங்கள்

அவலான், அட்லாண்டிஸ், மிட்கார்ட் போன்ற பழங்கதைப் பெயர்கள் பொதுச்சொத்து. ஆனால் இன்றைய கேம் ஒன்று அவற்றுக்குக் கொடுத்த புது வடிவம் பொதுச்சொத்து அல்ல.

இங்கே பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. 2000இல் வந்த ஓபன் கேம் உரிமத்தின் கீழ் வேறொருவரின் விதிகளைப் பயன்படுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த உரிமத்தில், அவர்கள் 'தயாரிப்பு அடையாளம்' என்று ஒதுக்கிவைத்த பெயர்களைத் தொடமாட்டேன் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியிட்ட அப்படிப்பட்ட ஒரு பட்டியலில் 'பிளெஸ்ட் ஃபீல்ட்ஸ் ஆஃப் எலிசியம்' என்ற தொடரும் இருக்கிறது. எலிசியம் கிரேக்கப் புராணத்தில் வருவது, யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அந்த முழுத்தொடரை எழுதினால் நீங்கள் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தை மீறியவர் ஆவீர்கள். சட்டம் விட்டுவைத்ததைக்கூட ஒப்பந்தம் தடுக்கும். அதனால் உரிமத்தின் கடைசி வரி வரை படியுங்கள்.

படி 5: நிலத்திலிருந்து பெயரை எடுங்கள்

எழுத்துகளைக் கலந்து பெயர் உண்டாக்கித் தரும் இணையக் கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. நீங்கள் வரைந்த நிலத்தைப் பாருங்கள், அங்கே என்ன நடந்தது என்று கேளுங்கள். ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் படகுகள் எரிந்த போர் நடந்ததா? 'எரிதுறை' என்று வையுங்கள். ஊர் உண்டாகி முந்நூறு ஆண்டுகள் ஆகி, மக்கள் வாயில் தேய்ந்துபோயிருந்தால் 'எரித்ரை'. இப்படிப் பிறக்கும் பெயர் இன்னொருவருடையதோடு மோதும் வாய்ப்பு குறைவு. ஆனாலும் படி 2இல் சொன்ன தேடலைச் செய்யாமல் விடாதீர்கள்.

படி 6: மாற்ற வசதியாக வைத்துக்கொள்ளுங்கள்

ஊர்ப்பெயர்களை வசனங்களுக்குள் நேரடியாக டைப் செய்யாமல், ஒரே கோப்பில் பட்டியலாக வைத்து அங்கிருந்து அழைத்துக்கொள்ளுங்கள். பெயர் எப்படி வந்தது, எந்தத் தேதியில் எங்கே தேடினீர்கள் என்பதையும் அதன் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். நாளைக்கு ஒரு நோட்டீஸ் வந்தால், முதலில் வழக்கறிஞரிடம் காட்ட வேண்டியது இந்தக் குறிப்பைத்தான். பெயரை மாற்றுவது என்று முடிவானால், ஒரு வரியைத் திருத்தினால் போதும்.