சிறப்புத் தேவையுள்ள குழந்தையின் குடும்பத்துக்கு உதவும்போது எங்கே தவறுகிறோம்?

“எந்த உதவின்னாலும் தயங்காமக் கேளுங்க.” சிறப்புத் தேவையுள்ள குழந்தையை வளர்க்கும் குடும்பத்தின் காதில் அதிகம் விழும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். சொல்பவர் மனதாரச் சொல்கிறார். ஆனாலும் அப்படி ஒரு கோரிக்கை பெரும்பாலும் வருவதே இல்லை. ஏனென்றால், கேட்பதும் ஒரு வேலை. எதைக் கேட்கலாம், இவரால் அது முடியுமா, எப்படி விளக்குவது, மறுத்துவிட்டால் என்ன செய்வது என்றெல்லாம் யோசித்து முடிப்பதற்குள், தூக்கம் கெட்ட ஒரு தாய் அந்த வேலையைத் தானே செய்து முடித்திருப்பார்.

உதவ நினைப்பவர் நாள், நேரம், வேலை, முடியும் தேதி நான்கையும் தாமே சொல்லிவிட வேண்டும். “செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 4 முதல் 6 வரை எனக்கு வேலை இல்லை. மூத்தவளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றேன். முதல்ல எட்டு வாரம் பார்ப்போம்.” இதற்கு “சரி” என்றோ, “அதுக்குப் பதிலா மருந்துக் கடைக்குப் போயிட்டு வர்றீங்களா?” என்றோ ஒரே வரியில் பதில் வந்துவிடும். மருந்து வாங்குவது, தெரபிக்கு வண்டி ஓட்டுவது, மருத்துவமனை வரிசையில் இடம் பிடித்து நிற்பது, சான்றிதழ்களை நகலெடுத்துக் கோப்பில் அடுக்குவது, துணி மடிப்பது போன்ற வேலைகளுக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம். குழந்தையைத் தொடாமலேயே செய்யக்கூடிய உதவிகள் இவை. தொடக்கத்துக்கு இவைதான் நல்லது.

அடுத்த தவறு காலக் கணக்கில் நடக்கிறது. நோயறிதல் அறிக்கை வந்த முதல் சில வாரங்கள் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். ஆறு மாதம் கழித்து எட்டிப் பார்க்க ஆள் இருக்காது. சிரமம் குவியும் காலங்கள் வேறு: பள்ளியில் சேர்க்கும் பருவம், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மாதங்கள், பூப்பெய்தும் வயது, தூக்கிச் சுமக்க முடியாத அளவுக்குப் பிள்ளை வளர்ந்துவிடும் கட்டம். ஒருவர் தினமும் ஓடி வந்து மூன்றாவது மாதம் களைத்துப் போவதைவிட, ஆறு பேர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆளுக்கு இரண்டு மணி நேரம் வருவது நிலைக்கும். கணக்குப் போட்டால் வாரத்துக்கு ஆறு மணி நேரம். அட்டவணையைப் பார்த்துக்கொள்ள அந்த ஆறு பேரில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். “இன்னைக்கு வர முடியலை” என்ற செய்தி அவருக்குப் போகட்டும், மாற்று ஆளையும் அவரே தேடட்டும். இந்தப் பொறுப்பையும் தாயின் தலையில் கட்டிவிட்டால், உதவிக் குழுவை நடத்துவதே அவருக்கு இன்னொரு வேலையாகிவிடும்.

<b></b>குழந்தையைப் பார்த்துக்கொள்ள முன்வருபவர்கள் செய்யும் தவறு

“நீங்க போயிட்டு வாங்க, நான் பார்த்துக்கிறேன்” என்று முதல் நாளே பெற்றோரை வெளியே அனுப்புவதுதான் அது. அவர்கள் போனாலும் நிம்மதியாக இருக்க மாட்டார்கள், குழந்தையும் மிரளும். நான்கு படிகளாகப் பொறுப்பு கைமாற வேண்டும். முதல் முறை, பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க மட்டும். இரண்டாம் முறை, பெற்றோர் பார்க்கப் பார்க்க நீங்கள் செய்யுங்கள். மூன்றாம் முறை அவர்கள் அடுத்த அறையில் இருக்கட்டும். நான்காம் முறை அரை மணி நேரம் வெளியே போய் வரட்டும். சில குழந்தைகளுக்கு இதே வரிசை இரண்டு மாதம்கூட எடுக்கும்.

இதனுடன் ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு வேண்டும். பெற்றோர் சொல்லச் சொல்ல நீங்களே எழுதி, அவர்களிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆம், இல்லை என்பதைக் குழந்தை எப்படித் தெரிவிக்கும்? வலி, பசி, கழிப்பறை ஆகியவற்றுக்கு என்ன அடையாளம்? எதைக் கண்டால் பயம், எதனால் அமைதி? சாப்பாடும் குடிநீரும் எந்தப் பதத்தில்? மருந்து எத்தனை மணிக்கு, எவ்வளவு? வலிப்பு வருமா, வந்தால் என்ன செய்வது? யாரை முதலில் அழைப்பது? இந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருந்தால், அவசரத்தில் ஆளைத் தேட வேண்டியதில்லை.

பெரிய விபத்துகள் பல நேரம் அன்பின் பெயரால்தான் நடக்கின்றன. குறிப்பாகத் தின்பண்டம். மூளை பாதிப்பால் உடல் அசைவுகள் கட்டுக்குள் வராத பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள சில குழந்தைகளுக்கு விழுங்கும் தசைகள் ஒத்துழைக்காது. தண்ணீரும் உணவும் மூச்சுக்குழலுக்குள் போய் நுரையீரலில் தொற்றை உண்டாக்கும். புரையேறினால் இருமல் வரும், தெரிந்துவிடும் என்று நம்ப முடியாது. இருமலே இல்லாமல் உள்ளே இறங்குவதும் உண்டு. அதனால்தான் சிலருக்குத் தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்வார்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல், சிறு கரண்டியில் கொடுத்து, முந்தைய வாய் இறங்கிய பிறகே அடுத்தது. சாப்பிட்டதும் படுக்கவைக்கக் கூடாது.

வலிப்பைக் கட்டுப்படுத்தக் கீட்டோஜெனிக் உணவுமுறையில் இருக்கும் குழந்தைக்கு ஒரே ஒரு மிட்டாய்கூட ஆபத்து. அந்த உணவுமுறை முழுக்க மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கிராம் கணக்கில் ஒதுக்கி வைப்பதில் நிற்கிறது. சர்க்கரை கலந்த இருமல் மருந்துகூடக் கணக்கைக் கெடுக்கும். பிராடர்-வில்லி சிண்ட்ரோம் என்ற மரபணுக் கோளாறு உள்ள பிள்ளைக்கு வயிறு நிறைந்த உணர்வே வராது. “பாவம், பசிக்குதுன்னு அழுறான்” என்று இரக்கப்பட்டுக் கொடுக்கும் ஒவ்வொரு வாயும் பெற்றோர் பல மாதம் கட்டிக்காத்த ஒழுங்கை உடைக்கும். பலூனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்பைனா பிஃபிடாவுடன், அதாவது முதுகுத்தண்டு முழுமையாக மூடாமல், பிறந்த குழந்தைகள் பிறந்ததிலிருந்தே அறுவை சிகிச்சைகளிலும் குழாய்களிலும் லேடெக்ஸ் ரப்பரைத் தொட்டுத் தொட்டு, பலருக்கு அது கடும் ஒவ்வாமையாகிவிடுகிறது. பிறந்தநாள் கொண்டாட்டத்தில் ரப்பர் பலூனுக்குப் பதில் காகிதத் தோரணம் போதுமே.

வலிப்பு வந்தால் வாயில் கரண்டி, துணி, விரல் எதையும் வைக்காதீர்கள். பல் உடையும், விரல் கடிபடும், மூச்சு அடைபடும். நாக்கை யாரும் விழுங்கிவிட மாட்டார்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. செய்ய வேண்டியது: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். சுற்றியிருக்கும் கூர்மையான பொருள்களை நகர்த்துங்கள், தலைக்குக் கீழே மென்மையான எதையாவது வையுங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு தொடங்கினாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, தண்ணீருக்குள் வலிப்பு வந்தாலோ உடனே ஆம்புலன்ஸ். முழுத் தெளிவு வரும் வரை குடிக்கக் கொடுக்காதீர்கள்.

ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகள் கண் இமைக்கும் நேரத்தில் வீட்டை விட்டு ஓடிவிடுவார்கள். காணவில்லை என்றதும் தெருத்தெருவாகத் தேடத் தொடங்குவதுதான் வழக்கம். முதலில் ஓட வேண்டியது பக்கத்திலுள்ள கிணறு, குளம், நீச்சல் குளம், தொட்டி நோக்கி. இப்படி ஓடிப்போய் உயிரிழக்கும் குழந்தைகளில் அதிகம் பேர் நீரில் மூழ்கியே இறக்கிறார்கள். அருகில் எங்கெங்கே தண்ணீர் இருக்கிறது, யார் எந்தப் பக்கம் போவது என்று அக்கம்பக்கத்தார் முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் விலைமதிப்பில்லாத நிமிடங்கள் மிஞ்சும்.

<b></b>வாயால் செய்யும் தவறுகள்

“எங்க சொந்தத்துல ஒரு பையன் நாலு வயசு வரைக்கும் பேசலை, இப்ப நிறுத்த முடியலை” என்பது ஆறுதல்போலத் தோன்றும். கேட்கும் பெற்றோருக்கோ, தங்கள் கவலையை இவர் நம்பவில்லை என்று படும். “தாங்குறவங்களுக்குத்தான் கடவுள் இப்படிக் குழந்தையைக் கொடுப்பார்” என்பதும் அப்படியே: அதற்குப் பிறகு அவர்களால் “என்னால முடியலை” என்று சொல்லவே முடியாது. ஆறுதல் வாக்கியம் வராவிட்டால் பரவாயில்லை. “இந்த வாரம் எப்படிப் போச்சு?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் கேளுங்கள்.

தாயைக் குற்றம் சொல்வதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1943இல் மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசத்தை விவரித்த பிறகு, பாசமில்லாத தாய்தான் அதற்குக் காரணம் என்ற கருத்து மருத்துவர்களிடையிலேயே பல ஆண்டுகள் ஆட்சி செய்தது. அது தவறு என்று நிறுவப்பட்டு எவ்வளவோ காலமாகியும், “வேலைக்குப் போறதாலதான்”, “போனைக் கொடுத்ததாலதான்” என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு அதே குற்றச்சாட்டு வருகிறது. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயமும் 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரையால் பரவியது. அந்தக் கட்டுரையை 2010இல் இதழே திரும்பப் பெற்றுவிட்டது. வீட்டில் அடுத்த குழந்தைக்கு ஊசி போடாமல் தள்ளிப்போட இந்தப் பழைய வதந்தி காரணமாகிவிடக் கூடாது.

குணமாக்கும் வழி என்று எதையும் அனுப்பாதீர்கள். அதிலும் குளோரின் டைஆக்சைடு கரைசல்போல வெளுப்பான் வகையைச் சேர்ந்தவற்றை ஆட்டிசத்துக்கு மருந்தாக விற்கிறார்கள். குடலைப் புண்ணாக்கும் நச்சு அது. ஒரு காணொளியை அனுப்ப உங்களுக்கு இரண்டு நொடி. அதைப் பார்த்து, நம்பலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்து, பிறகு “பார்த்தீங்களா?” என்ற உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல அவர்களுக்கு ஒரு மாலை போய்விடும்.

இன்னொன்று, குழந்தை எதிரில் இருக்கும்போது “இவனுக்கு என்ன பிடிக்கும்?” என்று தாயிடம் கேட்பது. குழந்தையிடமே கேளுங்கள். கேட்டுவிட்டுப் பத்து நொடி காத்திருங்கள். பத்து நொடி மௌனம் பெரியவர்களுக்குத் தாங்காது, ஆனால் சில குழந்தைகளுக்குக் கேள்வி உள்ளே போய்ப் பதிலாகத் திரும்ப அவ்வளவு நேரம் வேண்டும். இடையில் வேறு சொற்களில் மறுபடி கேட்டால், அவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். படப் பலகையோ பேசும் கருவியோ வைத்திருந்தால், “அதைப் பழக்கினா வாய்ப்பேச்சு வராது” என்று சொல்லாதீர்கள். படங்களும் கருவிகளும் பேச்சைத் தடுப்பதில்லை, சிலருக்கு வளர்க்கவும் செய்கின்றன. தண்டனையாக அந்தக் கருவியைப் பிடுங்கி வைப்பது வாயைக் கட்டிப்போடுவதற்குச் சமம்.

<b></b>விசேஷங்களுக்கு அழைக்காமல் விடுவது

“அவங்களுக்குச் சிரமமா இருக்கும்” என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். அழையுங்கள், வருவதா வேண்டாமா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அழைப்போடு சில தகவல்களும் தேவை: எத்தனை பேர் வருவார்கள், ஒலிபெருக்கி உண்டா, மின்னி மின்னி எரியும் விளக்கு உண்டா, சத்தமில்லாத ஓர் அறை கிடைக்குமா, பாதியில் கிளம்பினால் யாராவது வழிமறித்துக் காரணம் கேட்பார்களா. கடைசிக் கேள்விக்கான ஏற்பாடு உங்கள் கையில்தான்.

“ரெண்டு படிதான், தூக்கிடலாம்” என்பது பொறுப்பில்லாத பேச்சு. சக்கர நாற்காலியை ஆளோடு தூக்குவது இருவருக்கும் ஆபத்து. அவமானமும்கூட. சாய்தளத்துக்குப் பரவலாகக் கடைப்பிடிக்கும் அளவு 1க்கு 12. படியின் உயரம் 15 செ.மீ. என்றால் பலகையின் நீளம் 180 செ.மீ. வேண்டும். கையில் கிடைத்த அரை மீட்டர்ப் பலகையைச் சாய்த்து வைத்தால் நாற்காலி பின்பக்கம் கவிழும். கதவின் திறப்பு குறைந்தது 80 செ.மீ. இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். கழிப்பறையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: பத்து வயதுப் பிள்ளைக்கு டயப்பர் மாற்ற இடமில்லாமல் தரையில் படுக்கவைக்க வேண்டிவரும் என்பதாலேயே பல குடும்பங்கள் வெளியே வருவதில்லை. ஒரு தனி அறை, ஒரு கட்டில் அல்லது உறுதியான நீள மேசை, ஒரு மூடியுள்ள குப்பைத்தொட்டி, இவை போதும்.

<b></b>பணம், பொருள், படம்

பழைய சக்கர நாற்காலியைத் தானமாகக் கொடுக்கும் முன் நிறுத்துங்கள். அளவு பொருந்தாத நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் முதுகெலும்பு வளையும், படுக்கைப்புண் வரும். இயன்முறை சிகிச்சையாளர் அளவெடுத்துச் சொன்ன பிறகே வாங்க வேண்டிய பொருள் அது. டயப்பர், குழாய், கெட்டியாக்கும் தூள் போன்றவற்றில்கூட அளவு, வகை, நிறுவனம் எல்லாம் கேட்டு வாங்குங்கள். பிழையாக வந்த பொருள் அலமாரியை அடைத்துக்கொண்டு, நன்றி சொல்லும் கடமையை மட்டும் மிச்சம் வைக்கும்.

நிதி திரட்டினால் எதற்கு, எவ்வளவு, மிஞ்சினால் எங்கே போகும் என்பதை முதல் செய்தியிலேயே எழுதுங்கள். குழந்தையின் முகமும் மருத்துவ அறிக்கையும் இல்லாமலேயே பணம் கேட்க முடியும். அழும் படம் போட்டால் பணம் சீக்கிரம் வரும்தான். அந்தப் படம் அந்தப் பிள்ளைக்கு இருபது வயதாகும்போதும் தேடினால் கிடைக்கும். 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 22ஆம் பிரிவு, அவர்களின் உடல்நலத் தகவல்களும் பிறருடையதைப் போலவே அந்தரங்கமானவை என்கிறது. குழுவில் பகிரும் முன் பெற்றோரிடம் கேளுங்கள். புரிந்துகொள்ளும் வயது என்றால் பிள்ளையிடமும்.

<b></b>கண்ணில் படாதவர்கள்

உடன்பிறந்தவர்களிடம் “நாளைக்கு நீதான் இவனைப் பார்த்துக்கணும்” என்று சொல்லாதீர்கள். ஏழு வயதுச் சிறுமிக்கு அது ஆயுள் தண்டனைபோலக் கேட்கும். அவளை மட்டும் வெளியே கூட்டிப்போய், தம்பியைப் பற்றி அவளாகப் பேசினால் ஒழிய நீங்கள் எடுக்காமல், அவள் வரைந்ததையும் விளையாடியதையும் கேளுங்கள். தம்பிமேல் கோபம், வெட்கம், பயம் என்று சொன்னால் “அப்படிச் சொல்லக் கூடாது” என்று அடக்க வேண்டாம். அமெரிக்காவில் டான் மேயர் 1982இல் இந்தப் பிள்ளைகளுக்கென்றே விளையாட்டுக் கூடுகைகளைத் தொடங்கியதன் காரணமும் இதுதான்: இப்படிப் பேச அவர்களுக்கு வேறு இடமில்லை. அப்பாக்களிடமோ “அம்மா எப்படி இருக்காங்க?” என்றுதான் கேட்கிறோம். அவர் எப்படி இருக்கிறார் என்றும் ஒரு தடவை கேட்கலாம்.

பெற்றோர் குழுக்கள் நடத்துவோர் செய்யும் பெரும்பிழை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடில்லாமல் கூட்டம் வைப்பது. யாருக்கு மிகவும் தேவையோ அவரால் வரவே முடியாது. அடுத்தது, வாரா வாரம் நிபுணர் உரை. 1971இல் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் தொடங்கிய பெற்றோர்-பெற்றோர் முறை வேறு வழியில் போனது: அனுபவமுள்ள ஒரு பெற்றோரை, அதே நிலையைப் புதிதாகச் சந்திக்கும் ஒருவரோடு தனியாக இணைத்துவிடுவது. இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை தூங்காமல் கத்தும்போது என்ன செய்தீர்கள் என்பதை மேடையில் இருப்பவரிடம் கேட்க முடியாது.

கடைசியாக, நின்றுபோவது. சொல்லாமல் நின்றுவிடுவதைவிட ஒரே ஒரு நாள்கூட வராமலிருப்பது மேல். செவ்வாய் என்றால் நீங்கள் என்று பழகிய குழந்தைக்கு அன்று கதவு தட்டப்படாதது பெரிய குழப்பம். குறைந்தது மூன்று வாரம் முன்பே பெற்றோரிடம் சொல்லுங்கள். நாட்காட்டியில் உங்கள் படத்தை ஒட்டி, வரப்போகும் நாள்களைக் குழந்தையே ஒவ்வொன்றாக அடிக்கட்டும். கடைசி இரண்டு தடவையும் உங்களுக்குப் பதிலாக வரப்போகிறவரையும் கூட அழைத்து வாருங்கள். கதவில் ஒட்டிய குறிப்புத் தாளில் நீங்கள் புதிதாகத் தெரிந்துகொண்டதைச் சேர்த்து எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.