சோலைமந்தி சாலை கடக்க மேலே ஒரு பாலம்: வால்பாறைப் பக்கம் கட்டுவோருக்கு

போர்னியோவில் கினபாத்தாங்கன் ஆற்றின் கிளைகளைத் தாண்ட முடியாமல் பிரிந்து கிடந்த ஒராங்குட்டான்களுக்காகப் பழைய தீயணைப்புக் குழாயில் பாலம் கட்டினார்கள். அதே சரக்கு நம் ஊர் சிங்கவால் குரங்குக்கும், அதாவது சோலைமந்திக்கும், நன்றாகவே உதவுகிறது. வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டத்தில் காட்டுத்துண்டை அறுத்துக்கொண்டு சாலை போகிறது. மரக்கிளை எட்டாத இடத்தில் மந்தி தரையிறங்குகிறது, வண்டியில் அடிபடுகிறது. ஒரு பிரசவத்துக்கு ஒரே குட்டி, அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள். ஒரு தாய் செத்தால் கூட்டத்துக்கு அது பெரிய இழப்பு.

முதல் வேலை கயிறு வாங்குவதல்ல, பார்ப்பது. காலையும் மாலையும் கூட்டம் எந்த மரத்திலிருந்து இறங்கி எந்த மரத்தில் ஏறுகிறது என்று சில வாரங்கள் குறித்து வாருங்கள். கருமந்தியோடு (நீலகிரி லங்கூர்) குழப்பிக்கொள்ள வேண்டாம்: அதற்கு நீண்ட வால், மஞ்சள் கலந்த பழுப்புத் தலை. சோலைமந்திக்குக் கறுத்த முகத்தைச் சுற்றி வெள்ளிநரைப் பிடரி, குட்டையான வால், நுனியில் குஞ்சம். பலா, அத்தி, வெடிபலா என்ற காட்டுமரம் ஆகியவை பழுக்கும் பருவத்துக்கேற்ப தடம் மாறும். ஒரு பருவத்தை மட்டும் பார்த்து இடம் குறித்தால் பாலம் சும்மா தொங்கும். வசதிப்பட்ட இடத்தில் கட்டிவிட்டு மந்தியை அங்கே வரச் சொன்னால் வராது.

சோலைமந்தி வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள, மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற உயிர். வனத்துறையின் எழுத்துமூல அனுமதி, எஸ்டேட் நிர்வாகத்தின் சம்மதம், நெடுஞ்சாலைத் துறைக்குத் தகவல் எல்லாம் முடிந்த பிறகே ஏணியை எடுக்கவும். அருகே மின்கம்பி போனால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், அல்லது மின்வாரியம் கம்பியை மாற்றும்வரை காத்திருங்கள். மழையில் நனைந்த குழாய் கம்பியில் உரசினால் மந்தியோடு போகாது, ஏறும் ஆளும் போவார்.

தீயணைப்புத் துறை கழித்துப்போட்ட 63 மி.மீ. கேன்வாஸ் குழாய் தட்டையாகப் படிந்தால் சுமார் 10 செ.மீ. அகலம் வரும், மந்திக்குக் கால் வைக்கத் தோதான அகலம். சாதா நைலான் கயிறு வெயிலில் உளுத்துப்போகும், கால் வழுக்கும். குழாயின் முனையிலுள்ள உலோக இணைப்பை அறுத்தெடுத்துவிடவும். 15 மீட்டர் இடைவெளிக்குத் தொய்வுக்கும் இருபுறக் கட்டுக்கும் சேர்த்து 22 மீட்டராவது தேவை. ஒட்டுப்போட்டுச் சமாளிக்காமல் 30 மீட்டர் சுருளாகவே தேடுங்கள். இரண்டு குழாய்கள் போடுங்கள், இரண்டாவது இரண்டடி மேலே. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று இருக்கும், கைப்பிடியாகவும் ஆகும்.

பெரும்பாலோர் தவறுவது தொய்வில். பார்க்க அழகாக இருக்கட்டுமென்று விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார்கள். கணக்கு இதுதான்: ஒரு குழாயின் நடுவில் 40 கிலோ, அதாவது நான்கைந்து பெரிய மந்தி ஒன்றாக நின்றால், 15 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் தொய்வு இருக்கையில் மரத்தில் கட்டிய இடத்தில் சுமார் 100 கிலோ இழுவிசை. தொய்வை 30 செ.மீ. ஆக்கினால் அதுவே 500 கிலோ. போதாததற்கு தென்மேற்குப் பருவக்காற்றில் இரண்டு மரமும் ஆளுக்கொரு பக்கம் ஆடும். தொய்வு இல்லாத குழாய் ஒரே மழைக்காலத்தில் கட்டைப் பிய்த்துக்கொள்ளும்.

தொய்வின் அடிப்புள்ளி தரையிலிருந்து 8 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், தேயிலை மூட்டை அடுக்கிய லாரியும் தாராளமாகப் போகும். சில்வர் ஓக்கில் கட்டாதீர்கள்: கிளை சடாரென்று முறியும், எஸ்டேட்டில் நிழல் குறைக்க வெட்டவும் செய்வார்கள். காட்டுமரமாகப் பாருங்கள். ஆணி அடிக்கவோ கம்பியைச் சுற்றி முறுக்கவோ கூடாது, பட்டை நெரிந்து மரம் காய்ந்துவிடும். பழைய டயர்ப் பட்டையை அடியில் கொடுத்து விரல் நுழையும் அளவு தளர்வாகக் கட்டி, மரம் பருக்கப் பருக்கத் தளர்த்துங்கள். முனை வெறும் தண்டில் நின்றுவிடாமல் இலையடர்ந்த கிளைக்குள் போய்ச் சேரட்டும். மந்தி கிளைவழிதான் வரும்.

கட்டியதும் நாளை ஏறும் என்று எதிர்பார்க்க வேண்டாம், மாதங்கள் ஆகலாம். பழகட்டுமென்று பாலத்தில் வாழைப்பழம் கட்டுவது வேண்டாத வேலை. கீழே ஒருவர் வண்டியை நிறுத்தி பிஸ்கட் போட்டால் மேலே எத்தனை பாலம் இருந்தும் பயனில்லை, மந்தி சாலையில்தான் உட்கார்ந்திருக்கும். மளுக்கப்பாறை வழியாகச் சாலக்குடிக்குப் போகும் சுற்றுலா வண்டிகளுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் பலகை வையுங்கள். அதைவிட, கூட்டம் கடக்கும் நேரத்தில் ஆள் நின்று வண்டியை நிறுத்துவது நல்ல பலன் தரும்.

மே மாதம் மழைக்கு முன்னும் டிசம்பரில் மழைக்குப் பின்னும் ஏறிப் பார்க்கவேண்டும்: உரசல், கட்டின் இறுக்கம், மலபார் அணில் கடித்த இடம். கூடவே சாலையோரத்தில் வெடிபலா, அத்திக் கன்றுகளை நடுங்கள். இருபுறக் கிளையும் கோத்துக்கொண்ட பிறகு குழாயை அவிழ்த்துவிடலாம். அதற்கு ஆண்டுகள் பல ஆகும், அதுவரை மரம் ஏறுபவரின் கூலியை முதல் செலவுக் கணக்கிலேயே எழுதி வையுங்கள்.