குழந்தையின் கிரியாட்டினின் அளவை உயரத்தோடு சேர்த்துப் பார்ப்பது எப்படி?

ஐந்து வயதுக் குழந்தையின் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் கிரியாட்டினின் 1.0 என்றும், அதன் பக்கத்தில் இயல்பு அளவு 0.6 முதல் 1.2 வரை என்றும் அச்சாகியிருந்தால் பெற்றோர் நிம்மதி அடைவார்கள். ஆனால், அது பெரியவர்களுக்கான இயல்பு அளவு. கிரியாட்டினின் தசையிலிருந்து உண்டாகி, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு என்பதால், தசை குறைந்த சிறு குழந்தையின் ரத்தத்தில் அது பெரியவர்களைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும்.

ஆகவே, தசையின் அளவை உயரத்தைக் கொண்டு ஏறத்தாழ மதிப்பிட, ரத்தம் எடுக்கும் நாளிலேயே செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் படும்படி குழந்தையை நேராக நிறுத்தி உயரத்தை அளந்துவிடுங்கள். சென்டிமீட்டரில் உள்ள உயரத்தை 0.413 ஆல் பெருக்கி, ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் (mg/dL) என்ற கணக்கில் உள்ள கிரியாட்டினின் அளவால் வகுத்தால், சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் திறன் ஏறத்தாழத் தெரியவரும். இது 2009-இல் திருத்தி வெளியிடப்பட்ட ஷ்வார்ட்ஸ் சூத்திரம். மேற்சொன்ன குழந்தையின் உயரம் 110 செ.மீ. என்று கொண்டால் விடை 45, கிரியாட்டினின் 0.5 ஆக இருந்திருந்தால் 91 வந்திருக்கும். இரண்டு வயதைக் கடந்த குழந்தைக்கு இது 90-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். எனவே 45 வந்தால் தாமதிக்காமல் குழந்தைகள் சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. பிறந்த சில நாள்கள் வரை குழந்தையின் ரத்தத்தில் தாயின் கிரியாட்டினினே பிரதிபலிக்கும். ஒரு வயது வரை சிறுநீரகம் முதிர்ந்துகொண்டே இருக்கும். கடும் வயிற்றுப்போக்கு போன்றவற்றால் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டு, கிரியாட்டினின் நாளுக்கு நாள் மாறும்போதும் சூத்திரம் தவறான விடையே தரும். தசை மிக மெலிந்த குழந்தைக்கு தசையைச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற புரதத்தை ரத்தத்தில் அளக்கும் பரிசோதனை கூடுதல் நம்பகமானது.

ரத்தத்தில் எல்லாம் சரியாக இருக்கும்போதே சிறுநீரில் புரதம் கசியலாம் என்பதால் சிறுநீர்ப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரே இதற்கு ஏற்றது; பகலில் ஓடியாடிய பின்போ காய்ச்சலின்போதோ எடுத்தால், நோயில்லாத குழந்தைக்கும் புரதம் தென்படலாம். 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிப்பது சிறு குழந்தைகளிடம் அநேகமாக நடவாத காரியம். அந்த முதல் சிறுநீரிலேயே புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைக் கேட்டுப் பெற்றாலே போதும். இரண்டு வயதுக்கு மேல் அது 0.2-க்குக் கீழ் இருக்க வேண்டும். ரத்த அழுத்தத்தையும் குழந்தையின் கைக்குப் பொருந்தும் பட்டையால் அளக்கச் சொல்லுங்கள். பட்டை சிறியதாக இருந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும்.

முகமோ காலோ வீங்கினாலும், சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலும், கோலா நிறத்தில் போனாலும், கணக்குப் போட்டுக்கொண்டிராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.