மஞ்சக் கடுதாசி கொடுப்பதற்கு முன்னால்: ஒரு வக்கீல் குமாஸ்தா சொல்வது

கடன் கொடுத்தவர்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் நம்ம பக்கத்து ஆட்கள் வக்கீலைத் தேடுகிறார்கள். கோபி (கோபிசெட்டிபாளையம்) கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் என்னிடம் எடுத்த எடுப்பில் கேட்பதும் அநேகமாக இதைத்தான்: "ஏனுங்க, ஐ.பி. போட்டுட்டா ஒருத்தனும் ஊட்டுப் பக்கம் வரமாட்டானுங்களா?" ஐ.பி. என்பது நான் திவாலாகிவிட்டேன் என்று கோர்ட்டில் கொடுக்கும் மனு. அதைப் போட்டாலும் வருவாங்க. மனுவுக்கு நம்பர் விழுந்ததாலேயே யார் கையும் கட்டப்படுவதில்லை. கோர்ட் உங்களை இன்சால்வென்ட், அதாவது திவாலானவர் என்று அறிவித்து உத்தரவு போட்ட பிறகுதான், கோர்ட் அனுமதி இல்லாமல் உங்கள் மேல் வசூல் வழக்குப் போட முடியாது. அதுவரை அமீனா வரலாம், ஜப்தி நடக்கலாம்.

முதலில் எந்தச் சட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள். சென்னை நகரத்துக்கு 1909-ஆம் வருடச் சட்டம். ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல், கரூர் எல்லாவற்றுக்கும் 1920-ஆம் வருட மாகாணத் திவால் சட்டம். 2016-இல் புதுச் சட்டம் வந்ததே என்பார்கள். வந்தது. ஆனால் அதில் தனி ஆட்களுக்கான பகுதியை, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பிரைவேட் லிமிடெட் மில்லுக்கு டைரக்டராக இருந்து பேங்கில் ஜாமீன் போட்டிருந்தால் உங்கள் விஷயம் சென்னையில் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். அதற்கு வேறு வக்கீல். தறி ஓட்டி, மஞ்சள் வியாபாரம் பண்ணி, பனியன் ஜாப் ஒர்க் எடுத்து நொடித்தவர்களுக்கு இன்றைக்கும் அந்த 1920 சட்டம்தான். கடன் 500 ரூபாய் இருந்தாலே மனுப் போடலாம் என்று அதில் இருக்கிறது. எந்தக் காலத்துக் கணக்கு என்று பாருங்கள்.

மனு, நீங்கள் குடியிருக்கும் ஊருக்கோ தொழில் பண்ணும் ஊருக்கோ உரிய கோர்ட்டில். கோபியில் வீடு, திருப்பூரில் கம்பெனி என்றால் இரண்டில் எதிலும் போடலாம். எங்கே வசதி என்பதை வக்கீலோடு பேசி முடிவு பண்ணுங்கள்.

இனி வக்கீலுக்கு வருவோம். வக்கீல்கள் விளம்பரம் பண்ணவோ ஆள் விட்டு கேஸ் பிடிக்கவோ கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகவே பேங்க் நோட்டீஸ் வந்த மறுநாளே போன் பண்ணி "அண்ணா, உங்க கடன நாங்க முடிச்சுத் தர்றோம்" என்று பேசுகிறவரும், கோர்ட் வாசல் டீக்கடையில் தோளில் கை போடுகிறவரும் புரோக்கர்கள். நல்ல ஆளைக் கண்டுபிடிக்க வழி வேறே. சப் கோர்ட் வாசலில் தினமும் வழக்குப் பட்டியல் ஒட்டுவார்கள். செல்போனில் இ-கோர்ட்ஸ் தளத்திலும் பார்க்கலாம். ஐ.பி. என்று நம்பர் போட்ட வழக்குகளைத் தேடி, எந்த வக்கீல் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாய்தா அன்றைக்குப் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் வழக்குக் கட்டைப் பிரித்துப் பேசுகிறாரா அல்லது ஜூனியரை விட்டு வாய்தா மட்டும் வாங்குகிறாரா என்று பாருங்கள். கடன் கொடுத்தவர்கள் பக்கம் ஆஜராகிறவரையும் விடாதீர்கள், ஐ.பி.யில் ஓட்டை எங்கே விழும் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கையில் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, கூப்பிட 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் அந்த உரிமை உண்டு. திருப்பூரில் டெய்லராக, செக்கிங்காக வேலை பார்ப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வக்கீலைப் பார்க்கப் போகும்போது ஒரு நோட்டுப் போட்டு எல்லாக் கடனையும் எழுதிக்கொண்டு போங்கள். எங்கள் ஆபீசில் நான் எழுதச் சொல்லும் முறை இது: பெயர், தகப்பனார் பெயர், முழு விலாசம், வாங்கிய தேதி, தொகை, கொடுத்தது போக பாக்கி, கையெழுத்துப் போட்டது புரோநோட்டா செக்கா பத்திரமா, ஜாமீன் யார். மச்சான் கொடுத்த கைமாத்தும், சீட்டில் எடுத்துவிட்டுக் கட்டாமல் விட்டதும், மளிகைக் கடைப் பாக்கியும் வரணும். பல்லடம் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் பேங்க், பைனான்ஸ் எல்லாம் சரியாக எழுதிவிட்டு, நூல் வாங்கிய இடத்துப் பாக்கியை மட்டும் விட்டிருந்தார். "அவங்க நம்ம சொந்தக்காரங்க, கேக்க மாட்டாங்க" என்றார். சேர்த்து எழுதின பிறகுதான் எங்கள் சீனியர் மனுவைத் தொட்டார். ஒவ்வொரு பெயருக்கும் கோர்ட் நோட்டீஸ் போகும், அதற்குப் பேட்டா (நோட்டீஸ் அனுப்பும் செலவு) கட்டணும். விலாசம் தப்பாக இருந்தால் கவர் திரும்பி வந்து வாய்தா ஏறிக்கொண்டே போகும். அடுத்த பக்கத்தில் சொத்து: நிலம், வீடு, தறி, வண்டி, நகை, பேங்க் இருப்பு.

நோட்டைக் கொடுத்துவிட்டு நீங்கள் பேச வேண்டாம். அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். என் அனுபவத்தில் ஆளை எடை போட இதைவிட நல்ல வழி கிடையாது.

"ரெண்டு வருசத்துக்குள்ள சொத்து ஏதாச்சும் யாருக்காச்சும் எழுதிக் குடுத்தீங்களா?" என்று கேட்கணும். பெண்டாட்டி பேரில், மகன் பேரில் செட்டில்மென்ட் எழுதிவிட்டு ஐ.பி. போடலாம் என்பது ஊரில் சொல்லும் யோசனை. எழுதி இரண்டு வருடத்துக்குள் மனு வந்தால் 1920 சட்டத்தின் 53-ஆவது பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து பண்ணலாம். மனுவுக்கு முந்தின மூன்று மாதத்தில் ஒருத்தருக்கு மட்டும் சலுகை காட்டிப் பணம் கொடுத்திருந்தால் அதுவும் 54-இல் அடிபடும். சொத்தை ஒளித்தால் ஒரு வருடம் வரை ஜெயில். "அதெல்லாம் எழுதி வெச்சிருங்க, நான் பாத்துக்கறேன்" என்கிற வக்கீலிடம் எழுந்து கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

"செக் கொடுத்திருக்கீங்களா?" என்றும் கேட்கணும். செக் திரும்பினால் வரும் கேஸ் குற்ற வழக்கு, ஐ.பி. அதை நிறுத்தாது. அடமானம் எது, ஜாமீன் யார் என்பதும் முக்கியம். வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய பேங்க், ஐ.பி. இருந்தாலும் வீட்டின் மேல் போகும். நீங்கள் கடனிலிருந்து விடுபட்டாலும் உங்களுக்காகக் கையெழுத்துப் போட்ட பங்காளி விடுபட மாட்டார். நம்ம ஊரில் உறவு முறிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய வரி, மோசடி பண்ணி வாங்கியது, ஜீவனாம்சம் இவையும் தீராது.

எல்லாம் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: கட்டின துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, கைத்தொழில்காரர் கருவி, விவசாயியின் ஏர், மாடு, விதை நெல், அவர் குடியிருக்கும் வீடு, பி.எஃப். பணம் இவற்றைச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு காப்பாற்றுகிறது. சம்பளத்தில் முதல் ஆயிரமும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாது.

நல்ல வக்கீல் ஐ.பி.யைக் கடைசியாகத்தான் சொல்வார். ஒரே ஒரு பேங்க் கடன் என்றால் ஓ.டி.எஸ். (ஒரே தடவையில் ஒரு தொகை கட்டிக் கணக்கை முடிப்பது) பேசலாம், லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் முடிக்கலாம். கந்து வட்டி, மீட்டர் வட்டி என்றால் 2003-ஆம் வருடத் தமிழ்நாடு கந்து வட்டித் தடைச் சட்டப்படி புகார் கொடுக்கலாம். அவசரப்பட்டு எல்லாருக்கும் மஞ்சக் கடுதாசி அனுப்பவும் வேண்டாம். கடன் கட்டுவதை நிறுத்திவிட்டேன் என்று நோட்டீஸ் கொடுப்பதே சட்டப்படி ஒரு திவால் செயல். அதை வைத்துக் கடன் கொடுத்தவர் மூன்று மாதத்துக்குள் உங்கள் மேல் மனுப் போடலாம்.

பீஸை முதல் நாளே பேசி, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். "கடன் தீர்ந்தா இத்தனை பர்சென்ட்" என்று பேசக் கூடாது, விதியே இருக்கிறது. வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். ஒரிஜினல் பத்திரம் உங்களிடமே இருக்கட்டும், ஜெராக்ஸ் போதும்.

உத்தரவு வந்த பிறகு பலரும் கோர்ட்டை மறந்துவிடுகிறார்கள். சொத்து, அதைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியான அபிஷியல் ரிசீவர் கைக்குப் போகும், அவர் விற்றுப் பிரித்துக் கொடுப்பார். கடனிலிருந்து விடுதலை கேட்டு நீங்கள் தனியாக மனுப் போடணும். எத்தனை நாளைக்குள் என்று உத்தரவிலேயே இருக்கும். அந்தக் கெடு தாண்டினால் இன்சால்வென்ட் உத்தரவே ரத்தாகும், பழைய கடன் பழையபடி நிற்கும். சொத்து கடனில் ரூபாய்க்கு எட்டணா, அதாவது பாதிகூடத் தேறாவிட்டால், அது உங்கள் தப்பால் இல்லை என்று காட்டவும் வேண்டியிருக்கும். மழை பொய்த்தது, ஆர்டர் ரத்தானது, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாவற்றுக்கும் பில்லை எடுத்து வையுங்கள். நடுவில் வக்கீலை மாற்றினால் பழையவரிடமிருந்து வழக்குக் கட்டையும் ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வாங்க.