ஷவர் ஹெட் மாத்துறதுக்கு முதல் ஒரு போத்தல் வினாகிரி வாங்குங்கோ

எங்கட வீட்டு ஷவர் கொஞ்ச நாளாவே ஒரு மாதிரித்தான், நடுவில சொட்டுத் தண்ணி இல்லை, ஓரத்தில நாலு ஓட்டையால மட்டும் சீறிக்கொண்டு சுவருக்கும் யன்னலுக்கும் அடிக்குது, நடுவில நிக்கிற ஆளில மட்டும் படாது. அம்மம்மா பாத்துட்டு "உதுக்கு கிணத்தடியில நாலு வாளி அள்ளி ஊத்தலாம் தானே" எண்டா. அவ சொன்னதும் பிழையில்லை. ஆனா ஷவரைப் பூட்டினாப் பிறகு வாளி தூக்க ஆருக்கு மனம் வருது சொல்லுங்கோ.

இஞ்ச விசுவமடுப் பக்கம் ஒரு சின்ன வேலைக்கு பிளம்பரைப் பிடிக்கிறதெண்டால் மூண்டு நாள் கோல் எடுக்கோணும், வந்தாலும் அரை நாள் கூலி கேப்பினம், அதுவும் நியாயம்தான், அவையும் பெற்றோல் அடிச்சு வாறவை. அதால நானே செய்தன். முதல் தரம் கோட்டை விட்டனான், ரெண்டாந்தரம் சரிவந்தது. ரெண்டையும் சொல்லுறன்.

முதல்ல ஹெட்தான் பிழையோ எண்டு பாருங்கோ. ஹெட்டைக் கழட்டிட்டு வெறும் பைப்பால தண்ணியைத் திறந்து விடுங்கோ. நல்லாக் கொட்டினால் பிழை ஹெட்டில. அப்பவும் நூலா வந்தால் நீங்கள் எந்த விலைக்கு ஹெட் வாங்கினாலும் பிரயோசனமில்லை, மேல நிக்கிற தண்ணித் தாங்கிக்குக் கீழ லைனைப் பூட்டித் திறக்கிற கேற் வால்வ் பாதி பூட்டிக் கிடக்கும், இல்லாட்டி தாங்கி ஒருக்கா வெறுமையாகி பைப்புக்குள்ள எயார் பிடிச்சிருக்கும். எயார் எண்டால் கீழ இருக்கிற பைப் எல்லாத்தையும் ஒரேயடியாத் திறந்து கொஞ்ச நேரம் ஓட விட்டுப் பாருங்கோ, பெரும்பாலும் புறுபுறு எண்டு சத்தம் போட்டுட்டு வழிக்கு வரும்.

எங்கட ஷவரில கல்லுத்தான் அடைச்சிருந்தது. வன்னியில கனக்க கிணறுகளில தண்ணி கல்லுத் தண்ணி, கேத்திலுக்குள்ள வெள்ளையா ஒட்டியிருக்குமே, அந்தச் சுண்ணாம்புதான் ஷவர் ஓட்டையிலயும் படியிறது. அதுக்குப் புளிப்பு நல்ல மருந்து. கடையில விக்கிற வெள்ளை வினாகிரியை ஒரு சொப்பின் பையில விட்டு, ஹெட் அதுக்குள்ள தாழுற மாதிரி மேல இறப்பர் பாண்டால இறுக்கிக் கட்டிவிட்டால் ஹெட்டைக் கழட்டக்கூடத் தேவையில்லை. பளபளக்கிற குரோம் பூசினது எண்டால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல விடாதேங்கோ, பூச்சு மங்கிப்போம். வெறும் பிளாஸ்டிக் எண்டால் இராவைக்குக் கட்டிவிட்டு காலமை பாருங்கோ. பேந்து பழைய பல்லுப் பிரஷால தேய்ச்சு, விடாத ஓட்டையளை ஊசியால குத்தி விடலாம். தேசிக்காயும் வேலை செய்யும், ஆனா தேசிக்காய் விக்கிற விலைக்கு வினாகிரி லாபம். ஒண்டு மட்டும் கவனம், கிணத்துக்குப் போடுற குளோரின் பவுடரையும் வினாகிரியையும் ஒண்டாச் சேர்க்கவே கூடாது, நச்சுக் காத்து வரும், சின்ன பாத்ரூமுக்குள்ள அது பகிடி இல்லை. ரொய்லெட் கழுவுற ஆசிட்டும் வேண்டாம், அது குரோமைத் திண்டுடும்.

இவ்வளவும் செய்து சரிவந்தால் செலவு ஒரு வினாகிரிப் போத்தலோட முடிஞ்சுது. எங்கடது உடம்பிலயே வெடிப்பு விட்டிருந்தபடியா மாத்தத்தான் வேண்டி வந்தது.

ஹெட் வாங்கேக்கதான் எங்கட ஆக்கள் கூட ஏமாறுறது. கடையில தட்டு அகலத்தில, மழை மாதிரிக் கொட்டும் எண்டு ஒண்டைக் காட்டுவினம், வடிவாத்தான் இருக்கும். ஆனா எங்களுக்கு பிரஷர் மோட்டரோ டவுன் லைனோ இல்லை, தண்ணி வாறது தாங்கியின்ர உயரத்தில மட்டும். கணக்கைப் பாருங்கோ, 10 மீற்றர் உயரத்தில தண்ணி நிண்டால்தான் 1 பார் அழுத்தம். எங்கட தாங்கி 12 அடித் தூணில நிக்குது, ஷவர் 7 அடியில, உள்ள நிக்கிற தண்ணியையும் சேர்த்தால் வித்தியாசம் 2 மீற்றர் சொச்சம், அதாவது 0.2 பார் வரும். பெரிய தட்டில நூறு ஓட்டைக்கு அது பிரிஞ்சு போனால் சொட்டுச் சொட்டாத்தான் விழும். அதால சின்ன முகம், ஓட்டை குறைஞ்சது, பிளாஸ்டிக்கோ பித்தளையோ எதெண்டாலும் பரவாயில்லை. ஓட்டை வாயில ரப்பர் வைச்சது கிடைச்சால் அதை எடுங்கோ, கல்லுப் படிஞ்சால் விரலால உரஞ்சி விடலாம். பெட்டியில எத்தினை பார் எண்டு போட்டிருந்தால், எங்கட குறைஞ்ச அழுத்தத்துக்குச் சரிவருமோ எண்டு வாசிச்சுப் பாருங்கோ. பரந்தன் சந்திக்குப் போகேக்க நான் பழைய ஹெட்டையும் பையில போட்டுக்கொண்டு போனன், அளவு சொல்லி விளங்கப்படுத்திறதை விட அது சுகம். பொதுவா எல்லாம் அரை இஞ்சி மரைதான், ஆனா அரை இஞ்சி எண்டிட்டு அடிமட்டத்தை வைச்சுப் பாத்து குழம்பாதேங்கோ, மரையின்ர வெளிப்பக்கம் 21 மில்லிமீற்றர் கிட்ட வரும். ஹெட்டோட, ஒழுகாமல் மரையில சுத்துற வெள்ளை டேப் ஒரு சுருளும் வாங்குங்கோ, வேற ஒண்டும் தேவையில்லை, கடைக்காரர் பசை ஒண்டும் நீட்டினார், வேண்டாமெண்டு வந்திட்டன்.

இனி கழட்டுறது. கேற் வால்வைப் பூட்டி, கீழ் பைப்பைத் திறந்து லைனில நிக்கிற தண்ணியை வடிய விடுங்கோ. நீர் வடியிற ஓட்டையை ஒரு துணியால மூடுங்கோ, வாசர் அதுக்குள்ள போனால் தேடி எடுக்கேலாது. பிறகு, இதுதான் முக்கியம், சுவரால வாற வளைஞ்ச பைப்பை ஒரு கையால அசையாமப் பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையால ஹெட்டை மட்டும் மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கமாத் திருகுங்கோ. நான் முதல் தரம் பைப் சாவியைக் கொழுவி முழுப் பலத்தையும் போட, ஹெட் அசையேல்லை, சுவருக்குள்ள பைப் வளையிற இடத்தில இருந்த பிளாஸ்டிக் எல்போ டக்கெண்டு வெடிச்சுது, ரெண்டு டைல் உடைச்சு, சீமெந்து பூசி, ஆயிரத்தோட முடியிற வேலைக்கு எத்தினை ஆயிரம் போனதெண்டு நான் வீட்டில இன்னும் சரியாச் சொல்லேல்லை. இறுகிக் கிடந்தால் வினாகிரி நனைச்ச துணியை மரையில சுத்தி ஒரு மணித்தியாலம் விடுங்கோ, கல்லு இளகும். சுடுதண்ணி ஷவர் மெஷின், கரண்டில வேலை செய்யிறது எண்டால் இதெல்லாம் செய்ய வேண்டாம், அதுக்கு வயரிங் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்கோ.

கழட்டினாப் பிறகு மரையில ஒட்டியிருக்கிற பழைய டேப், கல்லு எல்லாத்தையும் பிரஷால சுரண்டி எடுத்திட்டு, ஹெட் இல்லாமலே அரை நிமிசம் தண்ணியைத் திறந்து விடுங்கோ. எங்கட பைப்பால வந்த மண்ணைப் பாக்கோணும், தேத்தண்ணி நிறத்தில. அதோட பூட்டியிருந்தால் புது ஹெட்டும் அண்டைக்கே அடைச்சிருக்கும்.

டேப் சுத்துறது லேசு, ஆனா பக்கம் மாறினால் ஒழுகும். பைப்பின்ர வாய் உங்களைப் பாத்தபடி இருக்க, மணிக்கூட்டு முள்ளு சுத்துற பக்கமாச் சுத்துங்கோ, அப்பதான் ஹெட்டைத் திருகேக்க டேப் கழராமல் இறுகும். முதல் மரையை விட்டிட்டு, இழுத்துப் பிடிச்சபடி ஒரு அஞ்சாறு சுத்து. பிறகு மரை தெரியிற அளவுக்கு பெருவிரலால அமத்தி விடுங்கோ. கைஷவரின்ர வளையிற குழாய் மாதிரி உள்ளுக்க கறுப்பு வாசர் வைச்சு வாறதுக்கு டேப் வேண்டாம், அங்க தண்ணியைப் பிடிக்கிறது வாசர்தான், அது நேரா இருக்கோ எண்டு மட்டும் பாருங்கோ.

புது ஹெட்டைக் கையால திருகுங்கோ. முதல் ரெண்டு சுத்தும் சும்மா வழுக்கிக்கொண்டு போகோணும், சிக்கி இறுகினால் மரை குறுக்கால ஏறுது, கழட்டித் திரும்பப் பிடியுங்கோ. கைப்பலம் முடிஞ்ச இடத்தில துணியைச் சுத்தி ஸ்பனரால ஒரு கால் சுத்து, அவ்வளவுதான். தண்ணி இன்னும் மெதுவா வந்தால் ஹெட்டின்ர வாய்க்குள்ள பாருங்கோ, சிலதில நடுவில சின்ன ஓட்டை போட்ட பிளாஸ்டிக் வில்லை ஒண்டு இருக்கும், தண்ணி மிச்சம் பிடிக்க வைக்கிறது, கூட அழுத்தம் உள்ள இடத்துக்குத்தான் அது சரி, எங்கட தாங்கித் தண்ணிக்கு அதைக் கெம்பி எடுத்து விட்டால் நல்லாக் கொட்டும். எடுத்ததை எறியாதேங்கோ.

பூட்டின இடம் ஒழுகுதோ எண்டு பாக்க, பேப்பர்த் துண்டு ஒண்டை அதில சுத்திக் கட்டி, ஷவரை ஒரு பத்து நிமிசம் ஓட விட்டன், நனையேல்லை. இனி தாங்கி கழுவுற நாளில மட்டும் ஹெட்டைக் கழட்டி வைச்சிட்டு முதல் வாற கலங்கல் தண்ணியை வெறும் பைப்பால போக விடுங்கோ, வினாகிரி வேலை பாதி குறையும்.